மாற்றுரு நிகழ்வெண்: கணக்கீடும் கலைச்சொல்லும்

0. முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் ஒரு கலைச்சொல்லுக்கு ஈடான சொல்லைத் தேடும்போது, அச்சொல்லின் வேர்ப்பொருளையும் முன்னைய அகராதிகள் தந்துள்ள வடிவங்களையும் நோக்குவது வழக்கம். பொருள்களைக் குறிக்கும் சொற்களுக்கு இம்முறை பெரிதும் பயன்படும். அளவுகளைக் குறிக்கும் சொற்களுக்குப் போதாது. ஓர் அளவைக் குறிக்கும் சொல், எது எண்ணப்பட்டது, எவற்றுள் எண்ணப்பட்டது என்னும் இரு செய்திகளையும் தன்னுள் கொண்டே பொருள் தருகிறது. இவற்றுள் ஒன்று மொழிபெயர்ப்பில் நழுவினாலும், தொடர் இலக்கண வழுவின்றி அமைந்திருக்கும். எண்ணும் சரியாகவே அச்சாகியிருக்கும். செய்தி மட்டும் பிழையாகிவிடும்.

மரபியலில் மாற்றுரு நிகழ்வெண் எனப்படும் அளவு இதற்குத் தக்க சான்றாகும். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூருவில் 1969இல் தோற்றுவிக்கப்பட்டது. உயர்கல்விப் பாடநூல்களை இந்திய மொழிகளுக்குக் கொணரும் நோக்குடைய தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் அந்நிறுவனத்தின் வழியே உருப்பெற்றது. இத்தகைய முயற்சிகளால் மரபியல் போன்ற துறைகளின் கலைச்சொற்கள் மொழியியலாரின் கவனத்திற்கும் உரியவையாயின. அண்மையில் இத்தேவை வகுப்பறையைக் கடந்துள்ளது. 2023 சூலை 1ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் உள்ளிட்ட 17 மாநிலங்களில் நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதையும், 2047ஆம் ஆண்டுக்குள் நோயை ஒழிப்பதையும் குறிக்கோளாகக் கொண்டது. சோதிக்கப்பட்டவருக்கு அவர்தம் மரபு நிலையைக் காட்டும் அட்டை தரப்படுகிறது. அந்த அட்டையும் அதனை விளக்கும் துண்டறிக்கையும் மக்களின் மொழியில் அமைய வேண்டியவை. எனவே மரபணுவகைகளிலிருந்து மாற்றுரு நிகழ்வெண் கணக்கிடப்படும் முறையையும், அம்முறை கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. எண்ணப்படும் அலகு

மொழியியலார்க்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். தமிழில் ஒரே சொல் கோயில் எனவும் கோவில் எனவும் எழுதப்படுகிறது. பத்து எழுத்தாளர்களின் கட்டுரைகளைக் கொண்ட ஒரு சிறு தரவகத்தைக் கற்பனை செய்க. ஒவ்வொருவரும் இச்சொல்லைச் சரியாக இருமுறை எழுதியுள்ளனர் எனக் கொள்க. ஐவர் இருமுறையும் கோயில் என எழுதினர். நால்வர் ஒருமுறை கோயில் எனவும் ஒருமுறை கோவில் எனவும் எழுதினர். ஒருவர் இருமுறையும் கோவில் என எழுதினார்.

கோவில் என்னும் வடிவம் எவ்வளவு பயில்கிறது என்னும் வினாவிற்கு இங்கு இரு விடைகள் உள்ளன. அவ்வடிவத்தை ஒருமுறையேனும் எழுதியவர் பதின்மருள் ஐவர். அதாவது 50 விழுக்காட்டினர். ஆனால் அச்சொல் வந்த இடங்கள் மொத்தம் இருபது. அவற்றுள் கோவில் வந்தவை நான்கும் இரண்டும் சேர்ந்து ஆறு. அதாவது 30 விழுக்காடு. இரண்டும் உண்மையே. முன்னது ஆட்களை எண்ணுகிறது. பின்னது வருகைகளை எண்ணுகிறது.

மரபணுக்களும் இவ்வாறே எண்ணப்படுகின்றன. மனிதரிடம் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு படிகளாக உள்ளன. ஒரு படி தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. சுவடிப் பதிப்பில் ஒரே நூலின் வேறுபட்ட ஏட்டுப்படிகளைக் குறிக்கும் படி என்னும் சொல்லே இங்கும் பொருந்துகிறது. ஒரு மரபணுவின் படிகள் எல்லாரிடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஏட்டுப்படிகளில் பாடவேறுபாடு காணப்படுவதுபோல் மரபணுவிலும் வேறுபட்ட வடிவங்கள் உள்ளன. அவ்வடிவங்களே மாற்றுருக்கள். ஒருவரிடமுள்ள இரு படிகளும் எவ்வெம் மாற்றுருக்கள் என்பது அவருடைய மரபணுவகை. மரபணுவகை ஆளுக்கு உரியது. மாற்றுரு படிக்கு உரியது. ஒரு நூறு பேரிடம் நூறு மரபணுவகைகளும் இருநூறு படிகளும் உள்ளன. கணக்கீடு முழுவதும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

2. மரபணுவகையிலிருந்து மாற்றுரு நிகழ்வெண்

அரிவாளணுச் சோகை, ஈமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் நேரும் ஓர் எழுத்து மாற்றத்தால் உண்டாவது. மரபணு மொழியின் நான்கு எழுத்துகளுள் ஓரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து அமைவதால், அப்புரதத்தின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வேலின் என்னும் அமினோ அமிலம் அமைகிறது. இரு படிகளும் இவ்வாறு மாறியிருப்பின் சிவப்பணுக்கள் உயிர்வளி குறைந்த நிலையில் அரிவாள்போல் வளைகின்றன; நோய் உண்டாகிறது. ஒரு படி மட்டும் மாறியிருப்பின் அவர் பொதுவாக நலமாகவே இருப்பார்.

இந்தியாவில் இம்மாற்றுரு இருப்பது 1952இல் வெளிப்பட்டது. அவ்வாண்டில் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே இதனைக் கண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். மைசூருவை அடுத்துள்ள பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகரிடையிலும் இது அறியப்பட்டுள்ளது. மலேரியாக் காய்ச்சலின் கடுமையிலிருந்து ஒரு படி உடையோர்க்கு ஓரளவு காப்புக் கிடைக்கிறது என்பதை அல்லிசன் 1954இல் ஆப்பிரிக்கச் சான்றுகளைக் கொண்டு காட்டினார். தீங்கு தரும் மாற்றுரு சில மக்களிடம் மிகுந்து நிலைபெற்றமைக்கு இதுவே காரணமாகக் கொள்ளப்படுகிறது.

ஆய்வகத்தில் ஈமோகுளோபினை மின்புலத்தில் பிரித்துக் காணும் சோதனையால் மூன்று மரபணுவகைகளையும் வேறுபடுத்தி அறியலாம். இயல்பான படியை இ எனவும் அரிவாளணுப் படியை அ எனவும் குறித்தால் அவை இஇ, இஅ, அஅ ஆகும். கணக்கை விளக்குவதற்காக 500 பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் கொள்க. இவ்வெண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. எந்த மக்களுக்கும் உரியவை அல்ல.

இஇ: 398 பேர்
இஅ: 98 பேர்
அஅ: 4 பேர்

முதற்படி, மொத்தப் படிகளைக் காண்பது: 500 பேரிடம் 1000 படிகள். இரண்டாம் படி, அ என்னும் மாற்றுருவை எண்ணுவது: இஅ உடைய 98 பேரிடம் ஒவ்வொன்றாக 98, அஅ உடைய 4 பேரிடம் இரண்டிரண்டாக 8, ஆக 106. மூன்றாம் படி, வகுப்பது: 106ஐ 1000ஆல் வகுக்க 0.106 கிடைக்கிறது. இ என்னும் மாற்றுருவுக்கு 796உம் 98உம் சேர்ந்து 894. அதன் நிகழ்வெண் 0.894. இரண்டையும் கூட்டினால் 1 வருதல் வேண்டும், வருகிறது.

மூல ஆய்வில் ஆட்களின் எண்ணிக்கை தரப்படாமல் மரபணுவகைகளின் விகிதங்கள் மட்டும் தரப்பட்டிருக்கலாம். மேற்கண்ட கூட்டத்தில் அவை முறையே 0.796, 0.196, 0.008. அப்போது விதி இவ்வாறு அமையும்: ஒரு மாற்றுருவின் நிகழ்வெண், அம்மாற்றுருவை இரட்டையாகக் கொண்ட மரபணுவகையின் விகிதத்தோடு, அதனை ஒற்றையாகக் கொண்ட மரபணுவகையின் விகிதத்தில் பாதியைக் கூட்டுவதற்குச் சமம். எனவே 0.008உம் 0.098உம் சேர்ந்து 0.106. பாதி எங்கிருந்து வந்தது என்பது மாணவர் பலருக்கும் எழும் ஐயம். இஅ உடைய ஒருவரின் இரு படிகளுள் ஒன்றே அ. ஆகவே அவ்வகையினரின் படிகளுள் பாதியே இக்கணக்கில் சேரும். இது தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய விதியன்று, எண்ணுதலின் சுருக்கமே.

எல்லா மரபணுக்களுக்கும் இரண்டு படிகள் என்பதும் பொதுவிதியன்று. எக்ஸ் குரோமோசோமில் அமைந்த மரபணுக்கள் பெண்களிடம் இரு படிகளாகவும் ஆண்களிடம் ஒரு படியாகவும் உள்ளன. அங்கு மொத்தப் படிகள், பெண்களின் எண்ணிக்கையை இரட்டித்து ஆண்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பெறப்படும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியாமையைத் தரும் மாற்றுருக்கள் இவ்வகையின. அக்குறை உடைய ஆண்களின் விகிதமே அம்மாற்றுருக்களின் நிகழ்வெண்ணாகிவிடும்.

3. ஒரே கூட்டம், மூன்று எண்கள்

மேற்கண்ட கூட்டத்தைப் பற்றி மூன்று தொடர்கள் கூறலாம். நோயுற்றோர் 0.8 விழுக்காடு. ஒரு படி மட்டும் உடையோர் 19.6 விழுக்காடு. அரிவாளணு மாற்றுருவின் நிகழ்வெண் 10.6 விழுக்காடு. முதல் இரண்டும் 500 ஆட்களுள் எண்ணியவை. மூன்றாவது 1000 படிகளுள் எண்ணியது.

மூன்றாம் தொடரைத் தமிழாக்குபவர் "அரிவாளணு மரபணு 10.6 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது" என எழுதுவதாகக் கொள்க. "இடம்" என்னும் உருபும் "இனர்" என்னும் ஈறும் எண்ணின் அலகைப் படியிலிருந்து ஆளுக்கு மாற்றிவிடுகின்றன. மூலத்தில் இல்லாத ஆட்கள் மொழிபெயர்ப்பில் தோன்றிவிட்டனர். இத்தொடரை நம்பி அம்மரபணு உடையோரைக் கணக்கிடும் ஒரு நலப்பணியாளர் 53 பேரை எதிர்பார்ப்பார். உண்மையில் 102 பேர் உள்ளனர். ஏறத்தாழப் பாதிப்பேர் திட்டத்திற்கு வெளியே நின்றுவிடுவர். இதே எண்ணை நோயுற்றோரின் விகிதமாகக் கொண்டாலோ, நால்வர் உள்ள இடத்தில் 53 நோயாளிகள் இருப்பதாக அச்சம் பிறக்கும். பிழை கணக்கில் நேர்ந்ததன்று. ஓர் ஈற்றில் நேர்ந்தது.

தமிழ் வாசகர்க்கு நெருக்கமான மற்றொரு சான்றும் உண்டு. இதயத்தசையின் ஒரு புரதத்திற்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றுரு, தெற்காசியரிடையே ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது என்பதை மதுரை ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர் 2009இல் வெளியிட்டனர். இங்கு எண் ஆட்களைச் சுட்டுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலார் ஒரு படி மட்டும் உடையோர். எனவே மாற்றுருவின் நிகழ்வெண் இதில் பாதி. ஏறத்தாழ 2 விழுக்காடு. அரிதாக வரும் எந்த மாற்றுருவுக்கும் அதனை உடையோரின் விகிதம் நிகழ்வெண்ணைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருக்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்கும் கருவியாகக் கொள்ளலாம்.

நிகழ்தகவைக் கூறும் தொடர்களிலும் இத்தகைய சறுக்கல் உண்டு. ஒரு படி உடைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனை "நான்கு குழந்தைகளுள் ஒன்றுக்கு நோய் வரும்" என எழுதினால், முதற்குழந்தை நோயுற்றதாயின் அடுத்த மூவரும் தப்பிவிடுவர் என வாசகர் கொள்ள இடமுண்டு. உண்மையில் நான்கு குழந்தைகள் உள்ள இத்தகைய குடும்பங்களுள் ஏறத்தாழ 32 விழுக்காட்டில் ஒரு குழந்தைக்கும் நோய் இராது. சிலவற்றில் இருவருக்கோ மூவருக்கோ இருக்கும். "ஒவ்வொரு பேற்றிலும்" என்னும் சொற்களைச் சேர்ப்பது இங்கு நடையழகன்று; பொருளின் பகுதி.

4. கலைச்சொற்கள்

4.1 நிகழ்வெண். ஆங்கிலத்தில் ஃப்ரீக்வென்சி என்னும் ஒரே சொல் இயற்பியலிலும் புள்ளியியலிலும் மரபியலிலும் வழங்குகிறது. தமிழ்நாட்டு வழக்கில் இயற்பியலுக்கு அதிர்வெண் என்பதும் புள்ளியியலுக்கு நிகழ்வெண் என்பதும் பிரிந்து நிற்கின்றன. இலங்கை வழக்கில் மீடிறன் என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. மரபணு அதிர்வதில்லை, ஒரு நொடிக்கு இத்தனை முறை என்னும் காலக்கூறும் இங்கு இல்லை. ஆதலின் அதிர்வெண், அலைவெண் ஆகியன இவ்விடத்திற்குப் பொருந்தா. நிகழ்வெண் பொருந்தும். எனினும் புள்ளியியலில் அச்சொல் 106 என்னும் எண்ணிக்கையையும் குறிக்கும். மரபியலில் அது 0.106 என்னும் விகிதத்தையே குறிக்கும். முதல் ஆட்சியில் "ஒப்பு நிகழ்வெண்" எனவோ "மொத்தப் படிகளுள் இதன் பங்கு" எனவோ விளக்கிவிட்டுப் பின்னர் நிகழ்வெண் எனச் சுருக்கிக்கொள்வது நன்று.

4.2 மாற்றுரு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அல்லீல் என்னும் ஒலிபெயர்ப்பும் இலங்கைப் பாடநூல்களில் எதிருரு என்னும் ஆக்கமும் வழங்குகின்றன. மூலச் சொல், ஒன்றற்கொன்று என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியிலிருந்து 1902இல் பேட்சன், சாண்டர்ஸ் ஆகியோர் ஆக்கியதன் குறுக்கம். எதிருரு என்பது இரு வடிவங்கள் ஒன்றையொன்று எதிர்நிற்பதைச் சுட்டும். ஆனால் ஒரு மரபணுவுக்கு மூன்றும் அதற்கு மேலும் மாற்றுருக்கள் இருக்கலாம். மாற்றுரு என்பதற்கு அத்தடை இல்லை. மொழியியலார் மட்டும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். மாற்றொலியும் மாற்றுருபும் சூழலால் வரையறுக்கப்படுபவை. ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வாராது. மரபியலின் மாற்றுருக்கள் அவ்வாறு வரையறுக்கப்படுவன அல்ல. ஒரே இடத்தில் இரண்டில் எதுவும் வரலாம். ஆதலின் அவை கோயில், கோவில் போன்ற உறழ்ச்சி வடிவங்களையே ஒப்பன.

4.3 ஓங்கு, ஒடுங்கு. ஒரு படி இருப்பினும் தன் பண்பை வெளிப்படுத்தும் மாற்றுருவை ஓங்கு மாற்றுரு எனவும், இரு படிகளும் இருந்தால் மட்டுமே பண்பை வெளிப்படுத்துவதை ஒடுங்கு மாற்றுரு எனவும் கூறுவர். ஓங்குதல் என்னும் வினைக்குத் தமிழில் உயர்தல், மிகுதல் என்னும் பொருள்களும் உண்டு. அதனால் ஓங்கு மாற்றுரு எண்ணிக்கையிலும் மிகுந்தது எனக் கொள்ளும் மயக்கம் எழக்கூடும். வெளிப்படும் தன்மை வேறு, நிகழ்வெண் வேறு. அடுத்த பகுதியில் வரும் குருதி வகைகளின் கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

4.4 ஒரு படி உடையவர். ஆங்கிலத்தில் கேரியர் எனப்படும் இவரைத் தமிழில் கடத்தி, தாங்கி, காவி எனப் பலவாறு கூறுவர். நோய்க்கடத்தி என்பது கொசு போன்ற நோய்பரப்பும் உயிர்களுக்கு வழங்கும் சொல். அதனையே இவர்க்கும் வழங்கினால், தொட்டால் தொற்றும் நோயை இவர் பரப்புகிறார் என்னும் கருத்து ஊரில் பரவ வாய்ப்புண்டு. திருமணப் பேச்சில் அச்சொல் எழுப்பும் தடையைப் பின்னர் எந்த விளக்கமும் எளிதில் நீக்காது. நோயாளர் அல்லாத, எவருக்கும் நோயைத் தொற்றச் செய்யாத ஒருவரைக் குறிக்க "ஒரு படி உடையவர்" என்னும் வெளிப்படையான தொடரே போதும். அது நீளமானதுதான், ஆயினும் எண்ணும் அலகைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

5. மரபணுவகை நேரே தெரியாதபோது

எல்லாப் பண்புகளிலும் மரபணுவகை வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஏ வகைக் குருதி உடையவரிடம் இரு ஏ படிகள் இருக்கலாம். ஓர் ஏ படியும் ஓர் ஓ படியும் இருக்கலாம். வழக்கமான சோதனை இரண்டையும் ஒன்றாகவே காட்டும். மரபணுவகை, தோற்றவகை என்னும் வேறுபாட்டை 1909இல் யோஹான்சன் வகுத்தது இத்தகைய நிலையைக் கருதியே. இங்கு நேரே எண்ணுதல் இயலாது. ஊகத்தின் துணை வேண்டும்.

அவ்வூகத்தை 1908இல் இருவர் தனித்தனியே வகுத்தனர். ஒருவர் செருமானிய மருத்துவர் வைன்பெர்க். மற்றவர், பின்னாளில் 1913இல் இராமானுசனின் கடிதத்தைப் பெற்று அவரை உலகிற்கு அறிவித்த கேம்பிரிட்ஜ் கணிதவியலார் ஹார்டி. ஓங்கு பண்பு காலப்போக்கில் நான்கில் மூன்று பங்கினரிடம் பரவிவிடாதா என்று அந்நாளில் எழுந்த ஐயத்திற்கு விடையாகவே ஹார்டி எழுதினார். மணவுறவு மரபணுவகையைப் பொருட்படுத்தாமல் நிகழ்ந்து, தேர்வும் இடப்பெயர்வும் போன்ற புறவிசைகள் இல்லாதிருப்பின், பெருங்கூட்டத்தில் மாற்றுரு நிகழ்வெண்கள் தலைமுறைதோறும் மாறாமல் நிற்கும். இரட்டைப்படி உடையோரின் விகிதம் அம்மாற்றுருவின் நிகழ்வெண்ணின் வர்க்கமாக இருக்கும். இரு வேறு படிகள் உடையோரின் விகிதம் அவ்விரு நிகழ்வெண்களின் பெருக்குத்தொகையின் இருமடங்காக இருக்கும். இதுவே ஹார்டி-வைன்பெர்க் விதி.

இவ்விதியின் ஆற்றலை இந்தியர் தொடர்பான ஒரு பழைய திரட்டே நன்கு காட்டுகிறது. முதல் உலகப் போரின்போது சலோனிக்காவில் கூடியிருந்த பல நாட்டுப் படைவீரர்களின் குருதியை லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் இணையர் சோதித்து 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 1000 பேர் இந்தியர். அவ்விந்தியரிடையே ஏ வகை 19.0 விழுக்காடு, பி வகை 41.2, ஏபி வகை 8.5, ஓ வகை 31.3.

ஏ, பி ஆகியன இரு வேறு மரபணுக்களால் தனித்தனியே கடத்தப்படுவன என அந்நாளில் கருதப்பட்டது. அக்கருத்து உண்மையாயின், ஏ தன்மை உடையோரின் பங்கையும் பி தன்மை உடையோரின் பங்கையும் பெருக்கினால் ஏபி வகையினரின் பங்கு கிடைக்க வேண்டும். இந்திய வீரர்களிடம் அவை 0.275, 0.497, பெருக்குத்தொகை 0.137. காணப்பட்டதோ 0.085. இப்பொருந்தாமையை எடுத்துக்காட்டி, மூன்று மாற்றுருக்களை உடைய ஒரே மரபணுவே இங்குச் செயற்படுகிறது எனக் கணிதவியலார் பெர்ன்ஸ்டைன் 1924இல் நிறுவினார்.

அவர் வழியில் கணக்கிடலாம். ஓ வகையினர் அனைவரும் இரு ஓ படிகள் உடையோர், ஆகவே 0.313இன் வர்க்கமூலம் ஓ மாற்றுருவின் நிகழ்வெண்: 0.559. ஓ வகையையும் பி வகையையும் சேர்த்தால் ஏ படியே இல்லாதோர் கிடைப்பர்; அவர்களின் பங்கு 0.725. அதன் வர்க்கமூலம் 0.851, அதனை ஒன்றிலிருந்து கழிக்க ஏ மாற்றுருவின் நிகழ்வெண் 0.149. அவ்வாறே பி மாற்றுருவுக்கு 0.291. மூன்றையும் கூட்டினால் 0.999. ஏபி வகையினரின் எதிர்பார்க்கும் பங்கு, ஏ, பி நிகழ்வெண்களின் பெருக்குத்தொகையின் இருமடங்கு. அதாவது ஏறத்தாழ 0.087. காணப்பட்ட 0.085க்கு இது மிக அண்மையது.

இக்கணக்கு ஒரு கருதுகோளை வீழ்த்தி மற்றொன்றை நிறுவியது. குடும்ப வழிமுறையைத் தேடாமல், வெறும் எண்ணிக்கையைக் கொண்டே நிறுவியது. மேலும் ஏ, பி ஆகிய இரண்டுக்கும் ஒடுங்கிய ஓ மாற்றுருவே, அவ்வீரர்களின் படிகளுள் பாதிக்கு மேற்பட்டது. ஒடுங்குதல் குறைதல் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. எண்ணலும் ஊகமும்

இரண்டாம் பகுதியின் முறையும் ஐந்தாம் பகுதியின் முறையும் ஒரே அளவையே தருகின்றன. ஆனால் அவற்றின் அடிப்படை வேறு. முன்னது படிகளை எண்ணுகிறது. அதற்கு எந்த ஊகமும் தேவையில்லை. பின்னது மணவுறவு பற்றிய ஊகத்தின்மேல் நிற்கிறது. தென்னிந்தியச் சூழலில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது.

தாய்மாமனை மணத்தலும் அத்தை மகளை, மாமன் மகளை மணத்தலும் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. உறவுத் திருமணத்தில் பிறப்போரிடம் ஒரே முன்னோரின் படி இருவழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு மிகுகிறது. அதனால் இரட்டைப்படி உடையோர் கூடுவர், ஒற்றைப்படி உடையோர் குறைவர். ஒரு மாற்றுருவின் உண்மையான நிகழ்வெண் 0.1 எனவும், மணங்கள் அனைத்தும் அத்தை மக்கள், மாமன் மக்களிடையே நிகழ்வன எனவும் கொண்டால், இரட்டைப்படி உடையோரின் விகிதம் 0.01 ஆக இராது, ஏறத்தாழ 0.0156 ஆகும். அதன் வர்க்கமூலத்தை எடுப்பவர் நிகழ்வெண்ணை 0.125 எனத் தவறாகக் கொள்வார். படிகளை எண்ணுபவர் 0.1 என்றே காண்பார். உறவுத் திருமணம் படிகளைப் பெருக்குவதில்லை. அவை ஆட்களிடையே பங்கிடப்படும் முறையை மட்டுமே மாற்றுகிறது.

அகமணக் குழுக்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவதாலும் இதே விளைவு நேரும். ஐந்நூறு பேர் கொண்ட ஒரு குழுவில் அம்மாற்றுரு அறவே இல்லை எனவும், ஐந்நூறு பேர் கொண்ட மற்றொரு குழுவில் அதன் நிகழ்வெண் 0.2 எனவும் கொள்க. இரண்டாம் குழுவில் 160 பேர் ஒரு படி உடையோர். 20 பேர் இரு படிகள் உடையோர். ஆயிரவரையும் சேர்த்து எண்ணினால் 2000 படிகளுள் 200, நிகழ்வெண் 0.1. வர்க்கமூல முறையில் இதே கூட்டத்திற்கு 0.141 கிடைக்கும், அது பிழை. 0.1 என்பது கணக்களவில் சரி. ஆனால் அது அவ்விரு குழுக்களுள் எதற்கும் உரியதன்று. அவ்வெண்ணைக் கொண்டு முதற்குழுவினரை அச்சுறுத்துவதும் இரண்டாம் குழுவினரை ஆறுதற்படுத்துவதும் ஒருங்கே தவறாகும்.

இவ்விடத்தில் ஆங்கிலத்தின் பாப்புலேஷன் என்னும் சொல்லின் தமிழாக்கம் முதன்மை பெறுகிறது. மக்கள்தொகை என்பது தமிழில் முதற்கண் தலைக்கணக்கையே குறிக்கும். இனக்கூட்டம் என்பது உயிரியலுக்குப் பொருந்தினும், மனிதரைப் பற்றிய நூலில் இனம் என்னும் சொல் வேறு பொருள்களையும் உடன்கொணரும். இலங்கையில் வழங்கும் குடித்தொகை என்பதும் தொகையையே முன்னிறுத்துகிறது. மரபியலார் இங்குக் கருதுவது தமக்குள் மணவுறவு கொள்ளும் மக்கட்கூட்டத்தை. எச்சொல்லைத் தேர்ந்தாலும் இப்பொருளை முதல் ஆட்சியிலேயே வரையறுத்துவிடுதல் வேண்டும்; இல்லையேல் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகையும் ஒரு மணக்கூட்டமும் ஒன்றெனக் கொள்ளப்பட்டுவிடும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிகழ்வெண் வரும் இடமெல்லாம் எண்ணப்பட்டவை ஆட்களா, படிகளா என்பதை மூலத்தில் தேடி அறிந்து, தமிழ்த்தொடரில் அலகை வெளிப்படையாக நிறுத்துதல். "10.6 விழுக்காட்டினர்" என்பதற்கும் "படிகளுள் 10.6 விழுக்காடு" என்பதற்கும் இடையே உள்ளது நடை வேறுபாடன்று. இரண்டாவது, மரபணுவகைகளின் எண்ணிக்கை மூலத்தில் தரப்பட்டிருப்பின் கணக்கைத் தாமே ஒருமுறை செய்து பார்த்தல். கூட்டலும் பாதியாக்கலும் அறிந்தவர்க்கு அது சில மணித்துளி வேலை. பிழை இருப்பின் அப்போதே தென்படும். மூன்றாவது, அவ்வெண் நேரே எண்ணியதா, ஊகத்தால் பெற்றதா என்பதைக் காட்டும் சொற்களை மொழிபெயர்ப்பில் சுருக்காதிருத்தல்.

ஒரு சொல்லுக்கு இருவேறு ஆக்கங்கள் வழங்குவது பெருங்கேடன்று. அல்லீல் எனினும் எதிருரு எனினும் மாற்றுரு எனினும் மாணவர் கற்றுக்கொள்வர். எண்ணின் அலகு மறைவது அத்தகையதன்று. அதனைக் கண்டறிய வாசகரிடம் வேறு வழியில்லை. தம் கையிலுள்ள அட்டையைப் பார்த்துத் தம் மகளின் திருமணத்தைப் பற்றி முடிவெடுக்கும் ஒருவர் மூலநூலைத் தேடிச் செல்லப்போவதில்லை. அவருக்குக் கிடைப்பது தமிழ்த்தொடர் ஒன்றே.